கோழிக்கு அறிக்கை, மனிதருக்குப் பந்தல்

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலிருந்து வரும் வானிலை அறிக்கை, நாளிதழ்களின் மாவட்டப் பக்கத்தில் முட்டை விலைக்கு அக்கம்பக்கமாகவே வெளியாகும். அடுத்த நான்கைந்து நாளைக்குப் பகல் வெயில் எத்தனை டிகிரி, இரவு எத்தனை, காற்று எந்தத் திசையிலிருந்து என்ன வேகத்தில் வீசும், ஈரப்பதம் எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கும். அதோடு நிற்காது. ஆய்வுக்கூடத்துக்கு வந்த செத்த கோழிகளை அறுத்துப் பார்த்ததில் என்ன தெரிந்தது என்றும் ஒரு வரி சேர்ந்திருக்கும். கோடையில் அந்த வரியில் 'வெப்ப அயற்சி' என்ற சொல் பெரும்பாலும் வந்துவிடும். அப்புறம் செய்ய வேண்டிய காரியங்கள்: தீவனத்தை எந்த நேரத்தில் போடுவது, தண்ணீரில் எதைக் கலப்பது, கூரையை எப்படிக் குளிர்விப்பது. படிக்கிற பண்ணைக்காரர் கொட்டகைக்குப் போய் அன்றைக்கே செய்துவிடலாம். வானிலையும் சாவுக் காரணமும் செய்முறையும் ஒரே அறிக்கையில், கைக்கு அடக்கமாக.

அதே கொட்டகையில் தீவன மூட்டை தூக்குகிறவருக்கு இப்படி ஓர் அறிக்கை வருவதில்லை. ஐம்பது கிலோமீட்டர் தள்ளி, சேலம் அம்மாப்பேட்டையில் தறி ஓட்டுகிறவருக்கும் வருவதில்லை. அவர்களுக்குக் கிடைப்பது 'பகல் 12 மணி முதல் 3 மணி வரை வெளியே வர வேண்டாம்' என்ற ஒற்றை வரி. அதை விட்டால், சித்திரையில் கட்சிக்காரர்கள் திறந்துவைக்கிற நீர்மோர்ப் பந்தல். திறப்பு விழா அன்று தர்பூசணியும் வெள்ளரியும் குவிந்து கிடக்கும். பத்தாம் நாள் போய்ப் பார்த்தால் பேனர் இருக்கும், பானை காய்ந்திருக்கும். பந்தலை இளக்காரம் செய்வதற்காக இதைச் சொல்லவில்லை. தாகத்தோடு வருகிறவருக்கு ஒரு குவளை மோர் பெரிய காரியம். ஆனால் சேலம், நாமக்கல் சமவெளிக்கு வெயிலைச் சமாளிக்கும் கலை நன்றாகவே தெரியும் என்பதற்கு ஆயிரக்கணக்கான கோழிக் கொட்டகைகள் சாட்சி. அந்தக் கலை கொட்டகையின் வாசலோடு ஏன் நின்றுபோகிறது? கோழியால் வரும் நஷ்டம் மறுநாள் காலையில் முட்டை அட்டையில் தெரிந்துவிடுகிறது, மனிதருக்கு வரும் நஷ்டம் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை என்பதே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

முட்டை அட்டையில் அது எப்படித் தெரிகிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. உடம்புச் சூடே 41 டிகிரிக்கு மேல். வெளியே வெப்பம் ஏறினால் அலகைத் திறந்து, இறக்கையை விரித்து, மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தள்ள வேண்டும். இரைக்க இரைக்க ரத்தத்திலிருந்து கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறுகிறது. முட்டை ஓடு சுண்ணாம்புச் சத்தோடு கரியமில வாயுவும் சேர்ந்து உருவாகும் பொருள் என்பதால், ஓடு மெலிகிறது. மறுநாள் விடிந்தால் கீறல் விழுந்த முட்டை, ஓடே இல்லாத தோல்முட்டை, எண்ணிக்கையில் குறைவு. பண்ணைக்காரருக்கு வேறு சான்று வேண்டியதில்லை. தீவனம் செரிக்கும்போது உடலில் சூடு உண்டாகும் என்பதால் அதை விடிகாலைக்கும் சாயங்காலத்துக்கும் மாற்றுகிறார். தண்ணீரில் சோடா உப்பும் வைட்டமின் சி-யும் கலக்கிறார். வெயிலில் கொதித்துக் கிடக்கும் குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுப் புதிதாக நிரப்புகிறார். கூரைமேல் கீற்றோ நனைத்த சாக்கோ போடுகிறார். பனித்துளி போல் தெளிக்கும் குழாயைக் காய்ந்த மதியத்தில் ஓட்டுகிறார். கோடை மழை பெய்து காற்றில் ஈரம் கூடிவிட்டால் நிறுத்திவிடுகிறார், ஏனென்றால் ஈரக்காற்றில் அது புழுக்கத்தைத்தான் கூட்டும். இதெல்லாம் போக, கொட்டகையே கிழக்கு மேற்காக நீண்டிருக்கும். காலை வெயிலும் மாலை வெயிலும் நீளவாக்கில் அடிக்காமல் குறுகிய பக்கத்தில் விழட்டும் என்று கட்டும்போதே யோசித்த ஏற்பாடு அது.

இப்போது ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறை. சேலத்தில் செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம், பனங்காடு வட்டாரத்தில் வீட்டுக்குள்ளேயே நடக்கிற தொழில் இது. சிமென்ட் ஷீட்டு போட்ட ஓர் அறை. நாலைந்து பேர் குனிந்து உட்கார்ந்திருப்பார்கள். பற்றவைக்கிற தீக்கொழுந்து முகத்திலிருந்து ஒரு முழத் தூரத்தில். காற்றாடியைப் போட்டால் நெருப்பு அலையும், பொடி பறக்கும். வெள்ளிப் பொடி பறந்தால் அது காசு. ஆகவே காற்றாடி நிற்கும். ஷீட்டு மதியத்தில் கையை வைக்க முடியாத அளவுக்குக் காய்ந்து, அந்தச் சூட்டைக் கீழே உட்கார்ந்திருப்பவரின் உச்சந்தலையில் இறக்குகிறது. கொட்டகைக் கூரைமேல் சாக்கு நனைக்கிற ஊரில், பட்டறைக் கூரைமேல் யாரும் சாக்கு நனைப்பதில்லை. ஒரு கொலுசு அன்றைக்குக் குறைந்தால் அது வெயிலால் குறைந்தது என்று யாரும் எழுதுவதில்லை. கூலிக்காரர் சுணங்கிவிட்டார் என்று முடிந்துவிடும். கூலி உருப்படிக்கு இவ்வளவு என்பதால் நஷ்டம் முழுவதும் அவர் பாக்கெட்டிலிருந்தே போகிறது. கோழி முட்டை குறைத்தால் முதலாளிக்கு வலிக்கிறது. ஆள் வேலை குறைத்தால் ஆளுக்கு மட்டும்தான் வலிக்கிறது.

உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தால், கோழியைவிட நாம் கொடுத்துவைத்தவர்கள். நமக்கு வியர்வை உண்டு. ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோகலோரி வெப்பத்தை உடலிலிருந்து எடுத்துப் போகும். சேலத்து வெயில் காய்ந்த வெயில், கடற்கரை ஊர்களைப்போல் ஒட்டுகிற வெயில் அல்ல; வியர்வை உடனே காய்கிறது. ஆனால் அதற்கு விலை உண்டு. வியர்க்க ரத்தம் தோலுக்குப் போயாக வேண்டும். தோலுக்குப் போகிற ரத்தத்தை இதயம்தான் கூடுதலாக இறைத்தாக வேண்டும். குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் போகிற பங்கு குறைகிறது. வயதானவரின், நெஞ்சுவலிக்காரரின் இதயம் அங்கே மூச்சுவாங்குகிறது. தண்ணீர் போதாமல் போனால் முதலில் நீர்க்கடுப்பு. வருடக்கணக்கில் அதே கதை தொடர்ந்தால் சிறுநீரகத்துக்கே கேடு. தமிழ்நாட்டு விவசாயத் தொழிலாளர்கள் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பரிசோதித்து 2025இல் வெளியான ஆய்வு, இருபதில் ஒருவருக்கு நாள்பட்ட சிறுநீரகக் கோளாறு இருப்பதாகவும், அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குச் சர்க்கரையோ ரத்தக்கொதிப்போ போன்ற வழக்கமான காரணம் எதுவும் இல்லை என்றும் சொன்னது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தைச் சேர்ந்த வித்யா வேணுகோபாலின் குழு தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்தது. கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு அபாயம் இரு மடங்கு. இவர்களில் யாருடைய மருத்துவச் சீட்டிலும் 'வெயில்' என்று எழுதியிருக்க வாய்ப்பில்லை.

நண்பகலைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம். உடம்பைச் சாய்ப்பது பல நேரம் இரவுதான். பகல் முழுக்க உழைத்துச் சூடேறிய உடம்பு, இரவில் ஆறிவிட்டால் மறுநாளைக்குத் தாங்கும். ஆற விடாத வீடுகள் சேலத்தில் ஏராளம். ஓட்டு வீடு சாயங்காலம் சூரியன் இறங்கியதும் கூடவே ஆறிவிடும். ஷீட்டு வீடு மதியத்தில் வேகும், நள்ளிரவில் விடும். தார்சு வீடு பகலில் கொஞ்சம் தாங்கி, உள்வாங்கிய வெப்பத்தை ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் உள்ளே கக்கத் தொடங்கும். மொட்டை மாடியில் பாய் போட்டுப் படுக்கிற வழக்கம் சோம்பலால் வந்தது அல்ல, பௌதிகத்தால் வந்தது. மாடி வீட்டு உரிமையாளரிடம் சாவி வாங்க முடியாத வாடகைக்காரரும், தனியாக இருக்கிற மூதாட்டியும் உள்ளேதான் கிடக்க வேண்டும். 1995இல் சிகாகோ நகரில் சில நாள் வெப்ப அலையில் 739 பேர் செத்தபோது, பின்னால் போய் விசாரித்தவர்கள் கண்டது இதைத்தான்: தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு, உச்சி மாடியில் இருந்த முதியவர்களே அதிகம். நம் ஊரில் கதவு திறந்திருக்கும், பக்கத்து வீட்டார் எட்டிப் பார்ப்பார்கள் என்று ஆறுதல் சொல்லிக்கொள்ளலாம். பிள்ளைகள் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் போய்விட்ட தெருக்களில் அந்த ஆறுதலை ஒரு தடவை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

சரி, எத்தனை பேர் சாகிறார்கள்? இங்கேதான் கணக்கு கைவிடுகிறது. 2024 மார்ச் 1 முதல் ஜூன் 18 வரை நாடு முழுவதும் வெப்பத் தாக்குதல் என்று சந்தேகிக்கப்பட்டவர்கள் 40,000க்கும் மேல். உறுதிசெய்யப்பட்ட சாவுகள் 110 என்றது மத்திய சுகாதாரத் துறையின் கணக்கு. 140 கோடி மக்கள், வட இந்தியாவில் 45 டிகிரியைத் தாண்டிய வாரங்கள், சாவு 110. இதை நம்புவதற்கு முன் அகமதாபாத்தைப் பார்க்க வேண்டும். 2010 மே மாதத்தில் அங்கே வெப்பம் 46.8 டிகிரிக்குப் போனது. பின்னால் ஆராய்ச்சியாளர்கள் நகரத்தின் இறப்புப் பதிவேட்டை எடுத்து, அந்த மே மாதச் சாவுகளை வழக்கமான மே மாதங்களோடு ஒப்பிட்டார்கள். கூடுதலாக 1,344. ஒரு நகரம், ஒரு மாதம். மருத்துவமனையில் ஒவ்வொருவருக்கும் எழுதப்பட்டது மாரடைப்பு, சிறுநீரகச் செயலிழப்பு, முதுமை என்று வேறு வேறு காரணம். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பக்கத்தில் வைத்தபோதுதான் வெயிலின் உருவம் தெரிந்தது. பிரான்ஸ் 2003இல் ஏறத்தாழ 15,000 பேரை இழந்ததையும் இப்படித்தான் கண்டுகொண்டது. கொரோனா காலத்தில் 'மிகை மரணம்' என்ற சொல் நமக்கும் பழகிவிட்டது. வழிமுறை அதேதான்.

தமிழ்நாடு அரசு ஒன்றும் சும்மா இருந்துவிடவில்லை. 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயிலால் இறந்தவர் குடும்பத்துக்கு மாநிலப் பேரிடர் நிதியிலிருந்து 4 லட்சம் ரூபாய் என்றது. மத்திய அரசின் பேரிடர்ப் பட்டியலில் வெப்ப அலைக்கு இடமில்லாதபோது எடுத்த முடிவு இது, பாராட்ட வேண்டும். ஆனால் பணம் கிடைக்க, வெயிலால்தான் செத்தார் என்று மருத்துவச் சான்று வேண்டும். அந்த வருடம் ஏப்ரல் 19 அன்று மக்களவைத் தேர்தல். சேலம் மாவட்டத்தில் ஓட்டுப் போட வந்த முதியவர்கள் இருவர் வாக்குச்சாவடியில் மயங்கி விழுந்து இறந்தார்கள். வெயிலா, வயதா, ஏற்கெனவே பழுதான இதயமா? மூன்றும் சேர்ந்துகூட இருக்கலாம். உடல் சூடு 40 டிகிரியைத் தாண்டிப் புத்தி தடுமாறினால்தான் வெப்பத் தாக்குதல் என்பது மருத்துவ இலக்கணம். விழுந்த அரை மணிக்குள் வெப்பமானி வைத்துப் பார்த்தால்தான் அது பிடிபடும். ஆறிய உடம்பில் வெயில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவதில்லை. அப்படியிருக்க, தனித்தனியாக ஒவ்வொரு சாவுக்கும் தீர்ப்பு எழுதச் சொன்னால் மருத்துவர் 'மாரடைப்பு' என்றுதான் எழுதுவார். அதில் பொய்யும் இல்லை.

ஆகவே நிவாரணத்தையும் எண்ணிக்கையையும் பிரித்துவிட வேண்டும் என்பதே என் கட்சி. 4 லட்சத்துக்கு ஆள்வாரியான சான்று கேட்கட்டும். நகரத்துக்கு வேண்டியது வேறு: சேலம் மாநகராட்சியின் பிறப்பு இறப்புப் பதிவேட்டில் இந்த வாரம் ஏறிய சாவுகள் எத்தனை, கடந்த ஐந்து வருடத்தில் இதே வாரத்தின் சராசரி எத்தனை, வித்தியாசம் என்ன. அவ்வளவுதான். தமிழ்நாட்டில் இறப்புகள் பெரும்பாலும் பதிவாகிவிடுகின்றன. சான்றிதழ் இல்லாமல் இங்கே ஒரு பட்டா மாறுவதில்லை, ஒரு வங்கிக் கணக்கு முடிவதில்லை. தகவல் கணினியில் உட்கார்ந்திருக்கிறது. கூட்டிக் கழிக்க ஓர் ஆளும் அரை நாளும் போதும். நாமக்கல் ஆய்வுக்கூடம் செத்த கோழிக்குச் செய்வதைவிட இது எளிது, கத்தியே வேண்டாம். எண்ணிக்கை ஏறினால் பீதி பரவும் என்று அதிகாரிகள் சொல்லக்கூடும். டெங்கு எண்ணிக்கையையும் இப்படித்தான் ஒரு காலத்தில் மூடிவைக்கப் பார்த்தார்கள். எண்ணத் தொடங்கிய பிறகுதான் தண்ணீர்த் தொட்டிக்கு மூடி வந்தது.

எண்ணிக் காட்டினால் மட்டும் என்ன நடந்துவிடும் என்று கேட்பவர்களுக்கும் அகமதாபாத்தே பதில். 2010 மே மாதச் சாவுகளைக் கணக்கில் எடுத்ததால்தான் 2013இல் அந்த நகராட்சி தெற்காசியாவின் முதல் வெப்பச் செயல்திட்டத்தைப் போட்டது: எத்தனை டிகிரியில் எந்த எச்சரிக்கை, யார் பொறுப்பு, எந்த மருத்துவமனையில் ஐஸ் கட்டி தயாராக இருக்க வேண்டும் என்று. பின்னால் வந்த ஆய்வு, திட்டத்துக்குப் பிந்தைய காலத்தில் வருடத்துக்குச் சராசரியாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாவுகள் தவிர்க்கப்பட்டதாக மதிப்பிட்டது. அதைப் பார்த்து மற்ற ஊர்களும் திட்டம் எழுதின, எழுதியதோடு சரி. டெல்லியிலுள்ள கொள்கை ஆராய்ச்சி மையம் 2023இல் இப்படிப்பட்ட 37 திட்டங்களைப் படித்துப் பார்த்தபோது, யாருக்கு அபாயம் அதிகம் என்று கணித்துச் சொன்னவை இரண்டே இரண்டு. பணம் எங்கிருந்து வரும் என்று சொன்னவை மூன்று. கோழிக்கு வரும் அறிக்கையில் இந்த ஓட்டை கிடையாது. கொட்டகைக்காரருக்குச் செலவு யாருடையது என்பதில் சந்தேகமில்லை.

இன்னோர் ஆட்சேபம் திண்ணைப் பேச்சில் அடிக்கடி வரும்: கத்திரி வெயில் என்ன புதிதா, நம் தாத்தா பாட்டி தாங்கவில்லையா, இது பழகின உடம்பு. பாதி உண்மை. ஒன்றிரண்டு வாரத்தில் உடம்பு வெயிலுக்குப் பழகும். வியர்வை சீக்கிரம் வரும், உப்பு குறைவாகப் போகும். ஆனால் பழக்கத்துக்கு ஓர் எல்லை உண்டு, தாத்தாவின் கணக்கும் மாறிவிட்டது. அக்னி நட்சத்திரம் மே 4 வாக்கில்தான் தொடங்கும். 2024இல் சேலத்தில் வெப்பம் 42 டிகிரியைத் தாண்டியது ஏப்ரல் கடைசியிலேயே. கத்திரியில் நல்ல வேளையாகக் கோடை மழை வந்து ஆற்றியது. பஞ்சாங்கத்தைப் பார்த்து எச்சரிக்கையாக இருந்தவர்கள் பத்து நாள் பிந்திவிட்டார்கள். தாத்தா இருந்தது ஓட்டு வீட்டில், வேலைக்குப் போனது கோழி கூவும்போது, நிழல் கொடுத்தது சாலைப் புளியமரம். நாற்கரச் சாலைக்காக அந்த மரங்கள் போய் இருபது வருடம் ஆகிறது. இன்னொரு சிக்கல் வானிலைத் துறையின் இலக்கணம். சமவெளியில் 40 டிகிரியைத் தொட வேண்டும், கூடவே வழக்கத்தைவிட 4.5 டிகிரி ஏற வேண்டும்; இல்லையென்றால் நேராக 45ஐத் தொட வேண்டும். அப்போதுதான் அது வெப்ப அலை. சேலத்தின் ஏப்ரல் வழக்கமே 38ஐ ஒட்டியிருக்கிறது. மூன்று வாரம் விடாமல் 40, 41 என்று அடித்தாலும் ஏட்டில் வெப்ப அலை வராது. வழக்கமாகவே வெயிலில் காய்கிற ஊர் என்பதால் எச்சரிக்கை கிடைக்காது. இந்த ஊருக்கென்று, எத்தனை டிகிரியில் சாவு கூடுகிறது என்று பார்த்து வரம்பு வைக்க வேண்டும். அதற்கும் பதிவேட்டைத்தான் திறக்க வேண்டும்.

ஏசி வாங்கிவிட்டால் தீர்ந்தது என்கிறவர்கள் வேறு ஒரு சேலத்தில் வாழ்கிறார்கள். 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் மின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது; அதில் ஏசியின் பங்கு சிறிதல்ல. அறைக்குள் எடுத்த சூட்டை ஏசி தெருவில்தான் கொட்டுகிறது, எதிர்வீட்டு ஜன்னலுக்கு நேராக. நகரமலை, ஜருகுமலை, கஞ்சமலை, கோதுமலை என்று நாலு பக்கமும் மலை சூழ்ந்த கிண்ணத்துக்குள் இருக்கிற ஊரில் இது இன்னும் யோசிக்க வேண்டிய விஷயம். வசதி உள்ளவர் ஏற்காட்டுக்கு ஏறிவிடலாம். ஆயிரத்து இருநூறு மீட்டர் ஏறினால் ஏழெட்டு டிகிரி குறையும். ஷீட்டு வீட்டில் ஏசி போட்டால் கூரையோடு மல்லுக்கட்டியே மின்கட்டணம் ஏறும். இடைவழியாக ஏர்கூலர் நம் காய்ந்த காற்றுக்குப் பொருத்தம், சென்னைக்குத்தான் உதவாது. மின்விசிறியும் 40 டிகிரிக்கு மேல் அனல்காற்றைத்தான் வீசும். உடம்பில் ஈரத்துணி இருந்தால் மட்டும் பலன்.

வேலை நேரத்துக்கு வருவோம், ஏனென்றால் உண்மையான சண்டை அங்கேதான். ஆத்தூர், இராசிபுரம், நாமகிரிப்பேட்டைப் பக்கத்து ஜவ்வரிசி மில்களுக்கு வெயில்தான் மூலப்பொருள்; சிமென்ட் களத்தில் ஈரமாவை விரித்துக் காயவைக்காவிட்டால் தொழிலே இல்லை. வெயிலில் வேலையை நிறுத்து என்று அங்கே சொன்னால் சிரிப்பார்கள், நியாயம்தான். பண்ணைக்காரர் கோழியை முட்டையிடாதே என்று சொல்வதில்லை. தீவன நேரத்தை நகர்த்துகிறார். களத்தில் காய வேண்டியது ஜவ்வரிசி, கிளறுகிற பெண் அல்ல. விரிப்பதை விடியலிலும் அள்ளுவதைச் சாயங்காலத்திலும் வைத்து, நடுவில் கிளறும் வேலையை இருவர் மாற்றி மாற்றிச் செய்து, களத்தோரம் ஒரு கீற்றுப் பந்தலும் குடிதண்ணீரும் வைத்தால் உற்பத்தி குறைய வேண்டியதில்லை. வளைகுடாவில் கட்டட வேலைக்குப் போய்வந்த நம் ஆட்களுக்கு இது தெரிந்த சங்கதி: ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக்கூடாது. கத்தாரில் காலை 10 மணிக்கே நிறுத்த வேண்டும். பாலைவனத்தில் முடிகிற ஏற்பாடு ஓமலூர்ச் சாலையில் முடியாதா? நம் சட்டமும் தொழிலாளியின் உடம்பைத் தொடாமல் இருந்ததில்லை. கடைகளில் நின்றபடியே வேலை செய்கிறவர்களுக்கு உட்காரும் உரிமை தந்தது 2021இல் இதே தமிழ்நாடுதான். 2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளில் ஓட்டுநர் அறைக்கு ஏசி கட்டாயம் என்று மத்திய அரசு சொல்லிவிட்டது. லாரிகளுக்குக் கூடு கட்டியே பேர் வாங்கிய நாமக்கல்லில் இதன் அருமையை விளக்கத் தேவையில்லை. பழைய லாரிகளில் இஞ்சின் சூட்டுக்கு மேலே உட்கார்ந்து போகிறவர்கள் இன்னும் பல வருடம் போவார்கள் என்பது வேறு.

தண்ணீர் குடியுங்கள் என்ற அறிவுரைக்கு ஒரு பின்குறிப்பு வேண்டும். களத்திலும் சாலையோரக் கடையிலும் வேலை செய்கிற பெண்கள் தண்ணீரைக் குறைத்துக் குடிப்பது அறியாமையால் அல்ல, ஒதுங்க இடமில்லாததால். சுத்தமான, தாழ்ப்பாள் உள்ள ஒரு கழிப்பறை இல்லாத இடத்தில் ஓஆர்எஸ் பொட்டலம் கொடுத்துப் பயனில்லை. வெப்பச் செயல்திட்டம் என்றால் பெரிய வார்த்தையாக இருக்கிறது; சந்தைப்பேட்டைக் கழிப்பறைச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதும் அதில் ஒரு வரிதான்.

மரமும் ஏரியும் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், அவை முக்கியமில்லை என்பதால் அல்ல, பலன் தர வருடங்கள் ஆகும் என்பதால். கன்னங்குறிச்சி மூக்கனேரியை 2010இல் சேலத்து மக்களே கூடித் தூர்வாரி, நடுவில் மண்திட்டுகள் எழுப்பி மரம் வைத்தார்கள். இன்று அந்தக் கரையில் சாயங்காலம் நடந்துபோகிறவருக்குக் காற்றின் வித்தியாசம் தெரியும். அதே காலத்தில் ஊர் கட்டியது ஈரடுக்கு மேம்பாலமும் ஈரடுக்குப் பேருந்து நிலையமும். அவை வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால் இன்று நட்ட வேம்பு நிழல் தர எட்டு வருடம். அந்த எட்டுக் கோடையைத் தாண்ட வேறு வழி வேண்டும், அது கூரையில் இருக்கிறது. கூரையில் வெள்ளையடித்தால் வெயிலின் பெரும்பகுதி வந்த வழியே திரும்பிவிடும். ஷீட்டு வீட்டுக்குள் இரண்டிலிருந்து ஐந்து டிகிரி வரை குறையும். தெலங்கானா 2023இல் இதற்கென்று ஒரு கொள்கையே அறிவித்தது. தமிழ்நாட்டிலும் சென்னை அம்பத்தூரில் அரசுப் பள்ளிக் கூரையில் செய்து பார்த்திருக்கிறார்கள். சேலத்துக்கு இது இன்னும் மலிவாக முடிய வேண்டும், ஏனென்றால் சுண்ணாம்புக்கல் சங்ககிரியில் மலையாகக் கிடக்கிறது. தூசு படிந்து மங்கிவிடும், மழை கழுவிவிடும் என்பது உண்மையான குறைதான். வருடா வருடம் பூச வேண்டும். பொங்கலுக்குச் சுவருக்கு வெள்ளையடிக்கிற ஊருக்கு, பங்குனிக்கு முன் கூரைக்கும் ஒரு தடவை என்பது பெரிய பாடு அல்ல. செலவை மாநகராட்சி ஏற்றால்.

மாநகராட்சி ஏன் ஏற்க வேண்டும் என்பதுதான் கடைசி ஆட்சேபம், நேர்மையான ஆட்சேபமும் அதுவே. கோழிக்கு முதலாளி இருக்கிறார், செலவழித்தால் லாபம் திரும்புகிறது; மனிதருக்குச் செலவழித்தால் எந்தத் தட்டில் திரும்பும்? ஒரு பங்கு அரசு மருத்துவமனையில் திரும்பும். ஒரு டயாலிசிஸ் நோயாளிக்கு வருடம் முழுக்க அரசு செய்கிற செலவில் எத்தனை கூரைக்குச் சுண்ணாம்பு அடிக்கலாம் என்று மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக் கணக்கர் ஒரு மதியத்தில் சொல்லிவிடுவார். மீதிப் பங்கு எங்கும் திரும்பாது, திரும்ப வேண்டும் என்று எதிர்பார்க்கவும் கூடாது. குடிநீர்க் குழாய்க்கு நாம் லாபம் கேட்பதில்லை. 2024இல் நாமக்கல்லும் மாநகராட்சி ஆகிவிட்டது. இரண்டு மாநகராட்சிகளும் ஒரு மருத்துவக் கல்லூரியும் சேர்ந்தால் கோழி அறிக்கையின் அச்சிலேயே மனிதருக்கும் ஓர் அறிக்கை எழுதிவிட முடியும். நாளைக்குப் பகல் 41, இரவு 29, காற்று குறைவு. சென்ற வாரம் பதிவான சாவு இத்தனை, ஐந்து வருடச் சராசரி இத்தனை. ஷீட்டுக் கூரைப் பட்டறைகள் காலை ஆறுக்குத் தொடங்கிப் பதினொன்றுக்கு நிறுத்தவும். பகலில் மாநகராட்சிப் பள்ளியின் கீழ்த்தளம் திறந்திருக்கும், மண்பானைத் தண்ணீரும் பாயும் உண்டு. நீர் பிரிவதற்கான மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அளவு பற்றி மருத்துவரைக் கேட்கவும். தனியாக இருப்பவரை ராத்திரி ஒன்பது மணிக்கு ஒருவர் போய்ப் பார்க்கவும். பேச்சு குழறினால் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே 108ஐக் கூப்பிடவும்.